யோனத்தான் போட்ட சத்தம்

1931 ஜனவரி 4, ஞாயிறு

மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வருடமும் ஒரு டைரி கொடுத்திருக்கிறார்கள். பிரசவ விவரம் எழுதுவதற்காம். ஒரு பிரசவத்தை நாலு வரியில் எழுதிவிடலாம். மீதி இடத்தில் ஊர் விஷயம் எழுதுவது என் வழக்கம். மருத்துவச்சி ஞானவடிவுக்கு வாய் நீளம் என்று சாலேம்விளையில் சொல்வார்கள். வாய் அல்ல, எனக்குக் காதுதான் நீளம்.

இன்று காலை ஆராதனையில் எங்கள் குருவானவர் சந்தோஷம் ஐயர் பீடத்தில் நின்று எச்சரித்தார். குளத்தங்கரைப் புளியந்தோப்பில் பெந்தெகொஸ்தேக்காரர் ஒருவர் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறாராம். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். அவர் சொல்லும்வரை கொட்டகை போட்டதே எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்ப் பார்த்து வந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

பிரசங்கியார் பெயர் மதுரநாயகம். நாற்பது வயதிருக்கும். முன்பு நம் மிஷனில் உபதேசியாராக இருந்தவர்தான். கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன இடத்தில் இந்த விசுவாசத்துக்கு வந்தாராம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் செருப்பில்லை. பார்க்கிற பெண்களை எல்லாம் சகோதரி என்கிறார். கட்டின மனைவியையும் “சகோதரி, தண்ணி கொண்டா” என்றுதான் கூப்பிடுகிறார். அந்த அம்மாள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறார். என் பிழைப்பே மருந்தில் இருப்பதால் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. பிறகு என் பையைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். கத்தரி, நூல், லைசால் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“இந்தச் செம்பு எதுக்கு சகோதரி?”

“பிறந்த பிள்ள பிழைக்காதுன்னு தெரிஞ்சா, ஐயர் வாரதுக்குள்ள நாங்களே தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் கொடுத்திரலாம். மிஷன்ல பழக்கியிருக்காவ. ஆனா மூச்சு இருக்கும்போதே கொடுக்கணும். செத்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.”

“கொடுக்காட்டா?”

“கல்லறைத் தோட்டத்துக்குள்ள இடமில்ல. வேலிக்கு வெளிய, உடைமரத்தடியில. ஜெபமும் கிடையாது.”

அவர் செம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “எத்தனை பிள்ளைக்குக் கொடுத்திருக்கிய?” என்றார்.

“இருபத்துமூணு.”

வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு. போகட்டும், கோயில் ரிஜிஸ்தரில் இருபத்துமூன்றுதான் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

குளத்தில் ஒன்பது பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம். ஊரே கரையில் நின்றது. “வெயில் தாங்காம ஒதுங்குனேன்” என்று ஆளுக்கொரு சாக்கு. தை மாதத்தில் என்ன வெயில்? என் சாக்கு, வண்ணான் பெண்டாட்டிக்கு இது பிரசவ மாதம் என்பது.

மதுரநாயகம் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவரையும் மல்லாக்கச் சாய்த்து முக்கி எடுத்தார். “பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே” என்று நம் ஐயர் சொல்கிற அதே வார்த்தைதான். தண்ணீரின் அளவுதான் வித்தியாசம். குழந்தைக்குத் தெளிப்பது ஞானஸ்நானமே இல்லை, குழந்தைக்கு என்ன தெரியும், அறிந்து உணர்ந்து இறங்க வேண்டும் என்று பிரசங்கித்தார். பொட்டைக்கண் மாசில்லாமணியை முக்கும்போது அவர் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சாய மறுத்தார், இரண்டாம் தரம்தான் முக்க முடிந்தது. சிரிக்காதவர் இல்லை.

அன்னக்கனி மட்டும் சிரிக்கவில்லை. என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். பனையேறி சுவிசேஷமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்கள் வீட்டுக்கு மூன்று பனைவிளை தள்ளி இருக்கிறாள். பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு பிள்ளை பிறந்து இறந்தது. யோனத்தான். அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மூன்றாவது வரிசையில் அவன் இருக்கிறான்.

“ஏக்கா, குழந்தைக்குக் கொடுத்தது செல்லாதுன்னா, எம் புள்ளைக்கு நீ கொடுத்தது?” என்றாள்.

“கண்டவன் பேச்சையும் கேட்டுக்கிட்டு நிக்காத. வீட்டுக்குப் போ” என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

தெற்குத் தெருவில் இரட்டைப் பெண் பிள்ளைகள். இரண்டும் சுகம். ஆட்டுக்குட்டி என் நூலுருண்டையைத் தின்றுவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

அன்னக்கனியும் சுவிசேஷமுத்துவும் குளத்தில் இறங்கிவிட்டார்கள். பாம்படத்தைக் கழற்றிவிட்டு வந்து என் முன்னால் நிற்கிறாள். காது இரண்டும் வெறுமனே தோளைத் தொட்டுக்கொண்டு தொங்குகின்றன. எங்கள் அம்மா போட்டுவிட்ட நகை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. “ஐயாகிட்ட யோனத்தானப் பத்திக் கேட்டேன்க்கா. சின்னப் பிள்ளையளுக்கு ஞானஸ்நானமே வேண்டாமாம். அவுக எல்லாரும் நேரா ஆண்டவர்கிட்டதானாம்” என்றாள்.

வேண்டாமா? இதை நான் மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வேலிக்கு உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் ஒன்றுதானாம். தண்ணீர் பட்டாலும் படாவிட்டாலும் ஒன்றுதானாம். திட்டிய வாயால் அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வெகு நாளைக்குப் பிறகு இன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவர்கள் கூட்டத்தில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்ல வேண்டும். நான் கொட்டகைக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று கேட்டேன். உள்ளே போனால்தானே ஐயர் கேள்வி கேட்பார்.

அன்னக்கனி எழுந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். “எம் மகன் அரை நாழிகை உசிரோட இருந்தான். நான் ஜன்னி வந்து நினைவில்லாமக் கிடந்தேன். அவன் குரல நான் கேக்கல. எங்க அக்கா கேட்டா. ஆண்டவர் பேரச் சொல்லித் தண்ணி தெளிச்சதும் ஒரு சத்தம் போட்டானாம். அவனுக்கு ஆண்டவரத் தெரிஞ்சிருக்கு. அந்தச் சத்தத்த வச்சுத்தான் நான் இத்தனை வருஷமும் உசிரோட இருக்கேன்” என்றாள்.

கூட்டமே அல்லேலூயா என்றது. மதுரநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து கத்தரியைத் தீட்டினேன். தீட்டத் தேவையில்லாத கத்தரி.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குப் போனேன். தலைவலி.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று இரண்டு மைல் தள்ளி ஒரு பிரசவம். வெந்நீர் காய்கிற நேரத்தில் அந்த வீட்டு மாமியார் எனக்கே கதை சொல்கிறாள். சாலேம்விளையில் ஒரு சிசு ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சத்தமிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி ஆண்டவரைத் துதித்ததாம். பெந்தெகொஸ்தே ஐயா ஊர் ஊராகச் சொல்லி வருகிறாராம்.

“கையத் தூக்கிச்சா? யார் பாத்தா?” என்றேன்.

“ஒரு மருத்துவச்சி பாத்திருக்கா. உத்தமியாம்.”

தாயும் பிள்ளையும் சுகம். பையன். ஆறு ராத்தல். நன்றாக அழுதான்.

மார்ச் 3, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

யோனத்தான் அழவில்லை. அவன் பிறக்கும்போதே உயிர் இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன், வெந்நீரிலும் குளிர்ந்த நீரிலும் மாற்றி மாற்றி வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் அன்னக்கனி ஜன்னியில் கிடக்கிறாள். வெளியிலிருந்து சுவிசேஷமுத்து, “மைனி, ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?” என்று கேட்டான். உடைமரத்தடி என் கண்ணில் வந்தது. அங்கே நாய்கள் தோண்டிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். “கொடுத்தாச்சு” என்றேன்.

அப்போது இருந்த ஐயர் நல்ல மனிதர், ஆனால் கறார். உயிர் இருந்ததற்கு அடையாளம் என்ன என்று கேட்டார். தண்ணீர் பட்டதும் சத்தம் போட்டான் என்றேன். எழுதிக்கொண்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்னக்கனிக்கு நினைவு வந்ததும் அதையேதான் அவளிடமும் சொன்னேன். ஒரு பொய்யை இரண்டு விதமாகச் சொல்ல முடியாதே.

ஞானஸ்நானம் வேண்டாம் என்று மதுரநாயகம் சொன்னபோது நான் விடுதலையானதாக நினைத்தேன். நான் ஒரு முட்டாள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஞானஸ்நானத்தை அல்ல. அந்தச் சத்தத்தை.

மார்ச் 12, வியாழன்

கொட்டகையில் பத்து நாளாகக் கூட்டம் இல்லை. மதுரநாயகம் கதவை அடைத்துக்கொண்டு வேதத்தைப் புரட்டுகிறாராம். கோலாரிலிருந்து ஏதோ கடிதம் வந்ததாம். என்ன கடிதம் என்று தபால்காரரைக் கேட்டேன். ஒட்டியிருந்த கடிதத்துக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றார். தெரியாமலா இருக்கும்?

மார்ச் 22, ஞாயிறு

இன்று நடந்தது போல நான் பார்த்ததில்லை. வெளியே நிற்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துதான் கேட்டேன்.

மதுரநாயகம் இளைத்துப்போயிருந்தார். பாட்டில்லை, தாளமில்லை. எழுந்து நின்று சொன்னார்: “நான் உங்களுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் தப்பு.”

கோலார்க் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்போஸ்தலர்கள் ஞானஸ்நானம் கொடுத்த இடங்களை எல்லாம் வேதத்தில் மூன்று வாரம் தேடிப் பார்த்தாராம். எல்லா இடத்திலும் இயேசுவின் நாமத்தில் என்று ஒரே பெயரில்தான் கொடுத்திருக்கிறார்களாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பது பட்டம், அவருடைய பெயர் இயேசு என்கிறார். ஆகவே எல்லோரும் மறுபடி முழுகவேண்டும்.

மாசில்லாமணி எழுந்துவிட்டார். “குழந்தையில ஒரு தண்ணி, தை மாசத்துல ஒரு தண்ணி, இப்ப ஒரு தண்ணியா? நான் என்ன எருமையா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் பின்னால் ஆறு பேர் போனார்கள்.

“போறவங்க போங்க. உங்க மேல தப்பில்ல. தப்பு எம்மேலதான். தெரியாம உங்களத் தண்ணியில இறக்கிட்டேன். மன்னிச்சிருங்க” என்று மதுரநாயகம் எல்லோர் முன்னாலும் கைகூப்பினார்.

ஒரு பெயரா மூன்று பெயரா என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஒரு மனிதன் தன் ஜனத்தின் முன்னால் நின்று தப்பு என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் நிற்க முடியும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. தரை பிளக்கவில்லை. யாரோ அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மார்ச் 25, புதன்

ஒரு கேள்வி மூன்று நாளாக மண்டையைக் குடைந்தது. போய்க் கேட்டேவிட்டேன்.

“எல்லாருக்கும் நீங்க கொடுப்பிய. உங்களுக்கு யாரு கொடுப்பா? இந்தச் சீமையில அப்படி எடுத்தவுக ஒருத்தரும் இல்லையே?”

அவர் சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு. “சுவிசேஷமுத்து சகோதரன என்னைய முக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் அவருக்கு நான்.”

“அவன் இன்னும் எடுக்கலையே. எடுக்காதவன் கொடுத்தா செல்லுமா?”

“எனக்குத் தெரியாது சகோதரி.”

என் நாற்பத்தாறு வயதில் வேதம் கையில் வைத்திருக்கிற ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தைதான் என் வாயைத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உடைமரத்தடி, கையெழுத்து, சத்தம், எல்லாவற்றையும்.

அவர் வேதத்தை மூடிக் கீழே வைத்தார். “அஞ்சு ஊர்ல சொல்லிட்டேனே” என்றார்.

“கையத் தூக்கினதா வேற சொல்லுதாவ.”

“அது நான் சொல்லல.” பிறகு, “சத்தம் போட்டதா சொன்னேன். நாளைக்கு அந்த அஞ்சு ஊருக்கும் நடக்கணும்” என்றார்.

“அன்னக்கனிகிட்ட நீங்களே சொல்லிருங்களேன்” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

“அஞ்சு ஊரு என் பாடு. அது உங்க பாடு. அவளுக்கு வெளிய இருந்து காதுல விழுறதுக்குள்ள சொல்லிருங்க.”

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

பெந்தெகொஸ்தேக்காரர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை. அன்னக்கனி பாம்படத்தை விட்டாள், காய்ச்சலுக்குக் கஷாயத்தை விட்டாள், இதை மட்டும் விடவில்லை. சூரியன் உதிக்க நானும் அவளும் மூன்றாவது வரிசையில் நின்றோம். முந்தானையில் அரளிப்பூ வைத்திருந்தாள்.

“அன்னம், அவன் அழலட்டி” என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“பிறக்கும்போதே உசிரு இல்ல. தண்ணியும் தெளிக்கல. வெளிய போட்டிருவாவளேன்னு பயந்து நான் பொய் சொன்னேன்.”

“சத்தம் போட்டான்னியே.”

“அதுவும் பொய்தான்.”

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை விட்டுவிட்டாள். பூ எல்லாம் கீழே விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் பூவைப் பொறுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சந்தோஷம் ஐயரிடமும் சொன்னேன். இனி நான் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றார். செம்பை அவர் மேசையில் வைத்தேன். குழந்தையைத் தோண்டி எடுப்பீர்களா என்று கேட்டேன். “என்ன பேச்சும்மா இது” என்று அதட்டினார். பிறகு அவர் குரல் மாறி, “அவன் அங்கேயே இருக்கட்டும்” என்றார். இவருக்குப் பெயரில் மட்டும்தான் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அழித்துவிடலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அன்னக்கனி வரவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வரவில்லை. அவள் விளைப்பக்கமாக இரண்டு முறை போனேன், முருங்கைக்கீரை பறிக்க. என் வீட்டிலேயே முருங்கை நிற்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

குளத்தில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. பெயர் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது, தண்ணீரும் குறைந்துவிட்டது என்று கடையில் கேலி பேசுகிறார்கள். மதுரநாயகம் கூட்டத்தார் இரண்டு வண்டி கட்டி ஆற்றுக்குப் போனார்கள். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தே போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சுவிசேஷமுத்து பனையைக் கட்டிப்பிடிப்பது போலப் பிரசங்கியாரைக் கட்டிப்பிடித்து முக்கினான். அதிக நேரம் முக்கிவிட்டான். மதுரநாயகம் இருமிக்கொண்டே எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அன்னக்கனி கடைசி.

கரையேறியதும் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவள் தலையசைத்து மறுத்தாள். ஈரச்சேலையோடு என்னைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மத்தியானம் சுவிசேஷமுத்து வாசலில் வந்து நின்றான். “மைனி, அவ உங்கள வரச் சொன்னா. அடுப்ப விட்டு நகர முடியாதாம்.”

விளையில் குடிசைக்குள் கொப்பரையில் பதநீர் காய்ந்துகொண்டிருந்தது. அன்னக்கனி துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன். எரிகிற ஓலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உள்ளதச் சொல்லு. எப்படி இருந்தான்?”

“எதட்டி கேக்க?”

“எம் புள்ள எப்படி இருந்தான்? நான் முழிக்கதுக்குள்ள பொட்டியில வச்சு மூடிட்டிய. அழுதான் அழுதான்னு அந்த ஒண்ணத்தான் நீ இத்தன வருஷமும் சொன்ன. வேற ஒண்ணுமே சொல்லல. கேட்டா பேச்ச மாத்திருவ.”

உண்மைதான். அவனைப் பற்றி எதைப் பேசினாலும் பொய் உடைந்துவிடும் என்று பயந்து, நான் அவனையே பேசாமல் விட்டிருக்கிறேன். பதினொரு வருடம்.

சொன்னேன். தலை நிறைய முடி, பிடரிவரை. சுவிசேஷமுத்துவின் நீளமான விரல். மேலுதடு அவளுடையது. வலது முழங்காலுக்குக் கீழே எள்ளளவு மச்சம். அந்த ஞானஸ்நானச் செம்புத் தண்ணீரில்தான் முகம் துடைத்தேன். என் வெள்ளைச் சேலையைக் கிழித்துச் சுற்றினேன்.

“பேரு?”

“பேரு நான் வச்சதுதான். குளிப்பாட்டும்போது வச்சேன்.”

“கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன்.”

“எத்தன வாட்டி?”

“நாலஞ்சு வாட்டி. யோனத்தான், யோனத்தான்னு. கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கூப்பிட்டேன்.”

அவள் துடுப்பை விட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்தது. “பாவி, இவ்வளவு இருந்திருக்கு. இவ்வளவையும் நீயே வச்சிருந்திருக்கியே” என்று என் தோளில் ஓங்கி அடித்தாள். வலித்தது. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

“இன்னும் சொல்லு. மறந்தத யோசிச்சுச் சொல்லு.”

“இடது காது. மேல் விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருந்தது.”

“எப்படி மடிஞ்சிருந்தது?”

சொல்லத் தெரியவில்லை. அவள் பாம்படம் இல்லாத தன் இடது காதைப் பிடித்து, மேல் விளிம்பை உள்பக்கமாக மடித்தாள். “இப்படியா?”

“இன்னும் கொஞ்சம்” என்று நான் கையை நீட்டி, சரியாக மடித்துக் காட்டினேன். அவள் அந்த மடிப்பைத் தன் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கொப்பரையில் பாகு கரிந்துபோயிருந்தது, அதைப் பிறகுதான் கவனித்தோம்.